அதிக முறை ஏற்கப்பட்ட கட்டுரை

எங்கள் மன்றத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. யார் என்ன உளறினாலும் 'கருத்துரைத்தார்' என்று எழுத வேண்டும். சட்டையைப் பிடிக்காத குறையாக இரண்டு பேர் கத்திக்கொண்டால் 'கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது'. யாராவது தூங்கிவிட்டால் 'ஆமோதித்தார்'. இப்படி எழுதி எழுதியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அதனால் இந்த ஒன்றையாவது நடந்தது நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன். பழக்கதோஷத்தில் எங்காவது 'ஆமோதித்தார்' என்று வந்துவிட்டால், தூங்கினார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்றத்தின் வேலை என்னவோ சின்ன வேலைதான். ஒரு விஞ்ஞானி எதையாவது கண்டுபிடித்துக் கட்டுரை எழுதி அனுப்புவார். அதே துறையில் இருக்கும் வேறு இரண்டு பேரிடம் அதைக் கொடுத்து, சரியா தப்பா என்று கேட்க வேண்டும். சரி என்றால் எங்கள் இதழில் அச்சாகும், தப்பு என்றால் திரும்பிப் போகும். இதற்குப் பெயர் மதிப்பாய்வு. அந்த இரண்டு பேர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. பெரிய பேராசிரியர்களில் பாதிப் பேர் மாநாட்டில் இருப்பார்கள், மீதிப் பேர் மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கட்டுரைகள் வந்து வந்து மூன்றாவது மாடி அறையில் குவிந்தன. கதவைத் திறந்தால் காலில் சரிந்து விழுந்தன. பியூன் ஒருநாள் கதவைச் சாத்தி, ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டார். யாராவது போன் செய்து கேட்டால், 'உங்க கட்டுரை பரிசீலனையில இருக்கு' என்று சொல்வோம்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். எங்கள் செயலாளர் எங்கோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டுப் புது யோசனையோடு திரும்பினார். வேலைக்குப் புதிதாக வந்த இளம் விஞ்ஞானிகளை எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் சேர்ப்பது, யார் எந்தத் துறை, யாருக்கு நேரம் இருக்கிறது என்று கம்ப்யூட்டரே பார்த்து, கட்டுரையை அனுப்பிவிடுவது. கேட்கும்போது எனக்கே நல்லதாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு அவர் பேசினார்.

"இளைஞர்கள்தான் நம்ம எதிர்காலம். அந்த எதிர்காலத்த நாம இப்பவே பயன்படுத்திக்கணும். அவங்களுக்குச் சம்பளம் தர வேண்டியதில்ல. பேர் போட வேண்டியதில்ல. 'அனுபவம்'னு ஒரு வார்த்த சொன்னா போதும், ஓடி வருவாங்க. நாங்களும் அப்படித்தான் ஓடினோம். எங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?"

கெட்டுப்போனது என்ன என்று அறையைச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. தலைவர் ஆமோதித்தார்.

தரவுத்தளம் உருவாவதற்கு முன்பே அதற்குத் தொடக்க விழா வைத்தோம். புதிய கம்ப்யூட்டருக்கு ரிப்பன் கட்டி, தலைவர் கத்தரிக்கோலால் வெட்டினார். ரிப்பனோடு மௌஸின் வயரும் போய்விட்டது. அடுத்த மௌஸ் வாங்க அனுமதி வருகிற வரைக்கும் வேலை தொடங்கவில்லை.

மௌஸ் வந்த அன்றுதான் அவனும் வந்தான். தரவுத்தளம் வடிவமைக்க ஒப்பந்தத்தில் எடுத்த பையன். பையன் என்ன, முப்பதைத் தாண்டியவன்தான். பையின் ஜிப் அறுந்து, ஒரு ஊக்கைக் குத்தி வைத்திருந்தான். எதைச் சொன்னாலும் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்ப்பான். பெயருக்கு ஒரு கட்டம், துறைக்கு ஒரு கட்டம், நேரம் இருக்கிறதா என்பதற்கு ஒரு கட்டம். அதனால் அவனுக்கு எங்கள் அலுவலகத்தில் கட்டம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அவனும் கோபித்துக்கொள்ளவில்லை.

அவனுக்கு அக்கா ஒருத்திதான். அப்பா அம்மா போன பிறகு துணி தைத்து அவனைப் படிக்க வைத்தவள். இப்போது அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் பொது மருத்துவமனையில் டயாலிசிஸ். அன்றைக்கெல்லாம் கட்டம் தாமதமாக வருவான். "அக்காவுக்கு இன்னைக்குச் சலவை நாள் மேடம்" என்பான். ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுகிறார்கள் அல்லவா, அதற்கு அந்த அக்கா வைத்த பெயர் அது.

முதல் கூட்டத்தில் கட்டம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "சார், இளம் விஞ்ஞானின்னா யாரு? எத்தன வயசு வரைக்கும்?"

கேட்டிருக்கக் கூடாது. எங்கள் குழுவில் வரையறைப் பேராசிரியர் என்று ஒருவர் இருக்கிறார். வரையறை என்றால் என்ன என்பதை வரையறுத்து இரண்டு தொகுதி எழுதியவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் என்று அர்த்தம்.

"வயச வச்சு இளமையச் சொல்றது அறிவியல் இல்ல. பட்டம் வாங்கின வருஷத்த வச்சுச் சொல்றதும் சரியில்ல, சில பேர் வாங்கவே மாட்டேங்கறாங்க. ஒரு விஞ்ஞானி எப்ப முதிர்ச்சி அடையறாரு? அவருக்குன்னு ஒரு அறை, அந்தக் கதவுல ஒரு பெயர்ப்பலகை வர்றப்பதான். ஆகவே, கதவுல பெயர்ப்பலகை இல்லாதவரே இளம் விஞ்ஞானி."

மழைக்காலம் முழுக்க இதைப் பேசி, கடைசியில் இதையே ஏற்றார்கள். விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் கதவின் புகைப்படத்தை அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. கட்டம் கதவுக்கு ஒரு கட்டம் போட்டான். கதவுகள் வந்து குவிந்தன. ஸ்டோர் ரூமில் மேஜை போட்டு உட்கார வைக்கப்பட்ட ஒரு பெண், வேறு யாரும் அங்கே சாமான் போட்டுவிடாமல் இருக்கத் தன் பெயரைக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அவளை முதியவர் என்று நிராகரித்தார்கள். ஓய்வுபெற்றதும் அறை பறிக்கப்பட்ட பழைய பேராசிரியர்கள் பலர் ஒரே நாளில் இளைஞர்களாகி விண்ணப்பித்தார்கள். அதில் ஒருவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நேரிலேயே வந்து, தன்னைப் போன்ற இளைஞர்களுக்கு எங்கள் லிஃப்ட் வேலை செய்யாதது பெரிய கஷ்டம் என்று புகார் எழுதிக் கொடுத்தார்.

அடுத்து அனுபவம். மதிப்பாய்வு செய்கிறவர் ஏற்கெனவே மதிப்பாய்வு செய்திருக்க வேண்டும் என்றார் செயலாளர்.

கட்டம் திருதிருவென்று முழித்தான். "புதுசா வர்றவங்க ஏற்கெனவே எப்படி சார் செஞ்சிருப்பாங்க?"

"ஏன் செஞ்சிருக்க மாட்டாங்க? எனக்கு வர்றதையெல்லாம் யாரு எழுதறான்னு நெனைக்கறீங்க? என்கிட்ட ஆராய்ச்சி பண்ற பசங்கதான். நான் கையெழுத்து மட்டும் போடுவேன். எல்லாருமே அப்படித்தான?"

சுற்றிலும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆகவே, விண்ணப்பதாரர் தன் பேராசிரியரிடமிருந்து ஒரு சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. 'நான் எழுதியதாகக் கையெழுத்திட்ட மதிப்பாய்வுகளை உண்மையில் எழுதியவர் இவரே' என்று பேராசிரியர் எழுதித் தர வேண்டும். எழுதித் தருவாரா? ஒரு சான்றிதழ்கூட வரவில்லை. செயலாளரிடம் அவருடைய பசங்களே கேட்டிருக்கிறார்கள். "நான் கையெழுத்துப் போடறதுக்கு எவ்வளவு கஷ்டப்படறேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். விண்ணப்பங்கள் எல்லாம் தரவுத்தளத்தில் 'நிலுவை' என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்தன. முன்பு கட்டுரைகள் மட்டும் காத்திருந்தன, இப்போது ஆட்களும் சேர்ந்து காத்திருந்தார்கள். இதை ஆண்டறிக்கையில் முன்னேற்றம் என்று எழுதினோம்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

தரவுத்தளம் ஓடுகிறதா என்று சோதிக்க ஒரு கட்டுரை வேண்டும். சும்மா ஒன்றை எழுதிப் போட்டுக்கொள்கிறேன் என்றான் கட்டம். செயலாளர் பதறிப்போனார். "அறிவியல் மன்றத்துல பொய்க் கட்டுரையா? அது ஆராய்ச்சி மோசடி. மேல போய் நெஜக் கட்டுரை ஒண்ண எடுத்துக்கங்க. மாதிரியா வச்சுக்கலாம்."

கட்டம் மேலே போனான். முட்டுக் கொடுத்த நாற்காலியை எடுத்ததும் குவியல் சரிந்திருக்கிறது. சரிந்ததில் ஒரு கட்டுரையின் தலைப்பில் டயாலிசிஸ் என்ற வார்த்தையைப் பார்த்திருக்கிறான். அதைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு, மூச்சு வாங்க என் மேஜைக்கு ஓடிவந்தான்.

"மேடம், இது எங்க அக்கா போற ஆஸ்பத்திரி மேடம்!"

அந்தக் கட்டுரையை எழுதியவள் அந்த மருத்துவமனையில் தண்ணீர் பரிசோதிக்கிற பெண். ஒப்பந்த வேலை. நோயாளிகள் அவளைத் தண்ணீர் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான். நகரக் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்ல ஒரு மருந்து கலக்கிறார்கள். குடித்தால் ஒன்றும் ஆகாது. டயாலிசிஸில் ரத்தத்தின் பக்கத்தில் ஓடினால், ரத்த அணுக்களை உடைத்துவிடும். அதை உறிஞ்சத்தான் கரி நிரப்பிய ஒரு தொட்டி இருக்கிறது. கோடையில் குழாயில் மருந்தை அதிகமாகக் கலக்கும்போது அந்த ஒரு தொட்டி போதவில்லை. நோயாளிகளுக்குக் கோடையில் ரத்தம் குறைவது நோயால் அல்ல, தண்ணீரால். இரண்டாவதாக ஒரு கரித்தொட்டி வைக்க வேண்டும். மருத்துவமனைக் கண்காணிப்பாளரோ, "மதிப்பாய்வு ஆகி அச்சுல வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் அவள் எங்களுக்கு அனுப்பினாள். நாங்கள் நாற்காலியை முட்டுக் கொடுத்தோம்.

"இதையே மாதிரியா வைக்கறேன் மேடம். பெரிய ஆளுங்க எல்லாரும் இதத்தான் பாப்பாங்க. எல்லாத்துக்கும் முன்னாடி இதுதான் வெளிய வரும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. செய் தம்பி, நல்ல யோசனை என்று சொன்னேன். சொன்ன வாயை இப்போது என்ன செய்வது?

வருகிற விருந்தினருக்கெல்லாம் தரவுத்தளத்தைப் போட்டுக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. தலைவர்தான் இளம் விஞ்ஞானியாக நடிப்பார். அவருக்கு எண்பதை நெருங்குகிறது. திரையில் கட்டுரை வரும். அவர் ஒரு வரிகூடப் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவார். 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். கட்டுரையாளருக்கு வாழ்த்து மின்னஞ்சல் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் கை தட்டுவார்கள். விருந்தினர் போனதும் கட்டம் 'மீட்டமை' என்ற பொத்தானை அழுத்துவான். எல்லாம் பழையபடி ஆகிவிடும், கட்டுரை மறுபடி மதிப்பாய்வுக்குக் காத்திருக்கும்.

மின்னஞ்சல் நிஜமாகவே போய்க்கொண்டிருக்கிறது என்பது முதல் முறை போட்டுக் காட்டியபோதே கட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்திவிடலாம் சார் என்று கெஞ்சினான். "அந்த டிங் இல்லன்னா விருந்தாளிங்களுக்கு ஒண்ணும் நடந்த மாதிரியே தெரியாதுய்யா" என்றார் செயலாளர்.

அதுவும் உண்மைதான். 'மாதிரி, பொருட்படுத்த வேண்டாம்' என்று பின்னால் இன்னொரு மின்னஞ்சல் அனுப்ப மட்டும், சில நாள் கழித்துக் கட்டத்துக்கு அனுமதி கிடைத்தது.

கொஞ்ச நாளில் தண்ணீர் டாக்டர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு கட்டுக் காகிதம். எல்லாம் வாழ்த்து மின்னஞ்சல்களின் அச்சுப்படிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் 'மாதிரி, பொருட்படுத்த வேண்டாம்' என்று இன்னொன்று.

"சார், மொத வாழ்த்து வந்த அன்னைக்கே கண்காணிப்பாளர்கிட்டக் காட்டிட்டேன். அவரும் தொட்டிக்கு ஆர்டர் போட்டுட்டார். லாரியில வந்து வாசல்ல எறக்கறப்ப உங்க ரெண்டாவது மெயில் வந்துச்சு. ஏத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க. தொட்டிய நான் கையால தொட்டுப் பாத்தேன் சார்." அவள் காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இத்தன தடவ ஏத்துக்கிட்டீங்களே, ஒருத்தராவது படிச்சீங்களா?"

தலைவர் அவளைத் தட்டிக்கொடுத்தார். "அம்மா, எங்க மன்ற வரலாற்றிலேயே அதிக முறை ஏற்கப்பட்ட கட்டுரை உன்னுதுதான். எனக்கே பொறாமையா இருக்கு."

அதை மாதிரியிலிருந்து விடுவித்து, ஒழுங்காக இரண்டு பேருக்கு அனுப்பச் சொல்லிக் கட்டம் மனு எழுதினான். பதில் வந்தது. மாதிரியை எடுத்தால் வேறு மாதிரி வைக்க வேண்டும். மன்றம் மாதிரியாக வைக்கும் கட்டுரை தரமானதாக இருக்க வேண்டும். தரமானதா என்று அறிய அதை மதிப்பாய்வு செய்ய வேண்டும். மதிப்பாய்வுக்கு ஆள் வேண்டும். ஆட்கள் நிலுவையில் இருக்கிறார்கள். இதை வரையறைப் பேராசிரியர் அழகான ஒரு வட்டமாக வரைந்தே காட்டினார்.

அந்தச் சமயம் நான் ஒருநாள் கட்டத்தோடு மருத்துவமனைக்குப் போனேன். நீளமான வார்டு, வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு இயந்திரம். அக்கா வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். வெளுப்பு என்றால் நகத்தில்கூடச் சிவப்பு இல்லை. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

"வாங்க மேடம். எங்க பேப்பர் இன்னைக்குப் பாஸாச்சா?"

"ஆச்சும்மா. காலையில ஒரு தடவ" என்றேன்.

"நானெல்லாம் ஸ்கூல்ல ஒரு தடவகூடப் பாஸ் பண்ணல. அது தெனமும் பண்ணுதே!" சிரித்தாள், சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. என் கைப்பையின் வார் பிய்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டாள். "அதக் குடுங்க இப்படி. இத மாட்டிக்கிட்டு எப்படித்தான் நடக்கறீங்களோ." ஒரு கையில் ஊசிக்குழாய் ஓடிக்கொண்டிருக்க, மறு கையாலும் பல்லாலும் தைத்துக் கொடுத்தாள்.

தண்ணீர் டாக்டர் தினமும் காலையில் முதல் ஆளைக் கட்டிலில் ஏற்றுவதற்கு முன், கரித்தொட்டியைத் தாண்டி வருகிற தண்ணீரில் ஒரு சோதனைத் தாளை முக்கிப் பார்ப்பாள். நிறம் மாறினால் இயந்திரத்தை ஓட்ட விடமாட்டாள். கரியை அலசி, மறுபடி பார்த்துவிட்டுத்தான் விடுவாள். கோடை முழுவதும் அந்த வார்டு அவளுடைய தாளை நம்பித்தான் ஓடியது. "அவ வர்ற வரைக்கும் நான் கட்டில்ல ஏற மாட்டேன்" என்று அக்கா என் காதில் சொன்னாள். "தம்பிகிட்டச் சொல்லிடாதீங்க, பயந்துடுவான்."

அவன் ஏற்கெனவே பயந்துதான் போயிருந்தான். அடுத்த வாரம் யாரையும் கேட்காமல், நிலுவையில் கிடந்தவர்களில் தண்ணீர் வேதியியல் படித்த ஒருவருக்கும் ரத்த நோய் படித்த ஒருவருக்கும் கட்டுரையை அனுப்பிவிட்டான். அந்தத் தரவுத்தளம் பிறந்ததிலிருந்து செய்த ஒரே வேலை அதுதான். உருப்படியாகச் செய்தது. பெயர்ப்பலகை இல்லாத அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்து, வாரம் முடிவதற்குள் எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் ஒரு கணக்கைத் திருத்தியிருந்தார். இரண்டு பேருமே, சரி, உடனே வெளியிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கட்டம் அதை எடுத்துக்கொண்டு நேராகச் செயலாளரிடம் போய் நீட்டினான்.

செயலாளருக்கு ஒரே சந்தோஷம். "பிரமாதம்யா! தரவுத்தள நிறைவு விழாவுக்கு இதவிட நல்ல மாதிரி மதிப்பாய்வு கெடைக்குமா? நெஜம் மாதிரியே இருக்கு."

"நெஜம்தான் சார்."

"அதத்தான நானும் சொல்றேன்!"

நிறைவு விழா நடந்தது. மேடை, பெரிய திரை, பத்திரிகைக்காரர்கள். தலைவர் இளம் விஞ்ஞானியாக நடித்து முடித்ததும், மாதிரி மதிப்பாய்வைத் திரையில் பார்த்து உரக்கப் படித்தார். "'இக்கட்டுரையை வெளியிடத் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து. தயவுசெய்து உடனே செயல்படுங்கள்.' ஆகா! என்ன நடை, என்ன உருக்கம்! நம்ம இளைஞர்களுக்கு எழுத வரலன்னு யாரு சொன்னது?"

அரங்கம் கை தட்டியது. நானும் தட்டினேன், பக்கத்தில் எல்லோரும் தட்டினார்களே. அப்போதுதான் கட்டம் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து மேடை ஓரத்தில் வந்து நின்றான்.

"சார், அது மாதிரி இல்ல சார். நெஜமாவே படிச்சுட்டு எழுதினது. எங்க அக்கா அந்த வார்டுலதான் இருக்காங்க. அந்தத் தண்ணியிலதான் அவங்க ரத்தத்தக் கழுவறாங்க. அச்சுல போட்டுடுங்க சார். உங்க கால்ல வேணாலும் விழறேன்."

கைதட்டல் நின்றது. ஒரு நிமிடம் எனக்கு நம்பிக்கை வந்தது. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து 'சரி' என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தவர் வரையறைப் பேராசிரியர்.

"அக்கான்னா, கூடப் பொறந்த அக்காவா?"

"ஆமா சார்."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப இது நலன் முரண்."

விசாரணைக் குழு அமைத்தார்கள். பேராசிரியரே தலைமை. நான் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். தன் சொந்தக்காரருக்குப் பயன்படுகிற விஷயத்தில் ஒருவர் கை வைத்தால் அது நலன் முரண், அவர் தொட்டது எதுவும் செல்லாது என்று பேராசிரியர் விளக்கினார். அவருடைய மருமகன் எங்கள் மன்றத்தில் துணைச் செயலாளர். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"உங்க அக்கா உயிரோட இருக்கறதுல உங்களுக்கு ஏதாவது ஆதாயம் இருக்கா?"

கட்டத்துக்கு முதலில் கேள்வி புரியவில்லை. "என்ன வளத்ததே அவங்கதான் சார்."

"சுத்தி வளைக்காதீங்க. ஆதாயம் இருக்கா, இல்லையா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"இருக்கு சார்" என்றான்.

'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அந்த முரண் இருக்கும் வரை கட்டுரையைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு. கட்டுரை விசாரணைக்கு உட்பட்டது என்று மருத்துவமனைக்கும் ஒரு நகல் போனது. அங்கே கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு, இனி அங்கீகாரம் இல்லாத எந்த முறையிலும் யாரும் தண்ணீரைச் சோதிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். தண்ணீர் டாக்டரின் கையிலிருந்த சோதனைத் தாள்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அவள் எதிர்த்துப் பேசிப் பார்த்தாள். ஒப்பந்தம் முடிகிற மாதம் எது என்று அவளிடம் கேட்டார்களாம்.

தாள்களைப் பூட்டிய மறுநாள் அக்காவுக்குச் சலவை நாள். நல்ல வெயில், நகரத்தில் குழாய்க்கு மருந்து கூட்டிக் கலந்திருந்தார்கள். அக்கா வழக்கம்போல, தண்ணீர் டாக்டர் வரட்டும் என்று கட்டிலில் ஏறாமல் நின்றிருக்கிறாள். இனிமேல் அதெல்லாம் கிடையாது, ஏறுகிறீர்களா, அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஏறிவிட்டாள். பாதியிலேயே அந்த வரிசையில் நிறையப் பேருக்கு மூச்சு முட்டியது. மற்றவர்களை எப்படியோ காப்பாற்றிவிட்டார்கள். அக்காவுக்கு உடம்பில் தாங்குவதற்கு ரத்தமே இல்லை. அவள் போய்விட்டாள். நோயின் தன்மையால் மரணம் என்று மருத்துவமனை எழுதியது. எனக்கு அந்த வாக்கியத்தை நன்றாகத் தெரியும், என்னைப் போல ஒருத்தி அங்கேயும் உட்கார்ந்து எழுதியிருப்பாள்.

சவ ஊர்வலத்தில் தண்ணீர் டாக்டர் கடைசியில் நடந்து வந்தாள். யாரோடும் பேசவில்லை. எங்கள் மன்றத்திலிருந்து வந்தது நான் ஒருத்திதான். என் பையின் வாரைத் தோளில் போட்டுக்கொள்ளத் தைரியம் இல்லாமல், பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த கூட்டத்துக்குக் கட்டம் வந்தான். ஒப்பந்தத்தில் இன்னும் வேலை பாக்கி இருந்தது. முதலில் ஒரு நிமிட மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நின்றோம். தலைவர் உட்கார்ந்தபடியே நீண்ட நேரம் ஆமோதித்தார்.

மௌனம் முடிந்ததும் வரையறைப் பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "வருத்தமான விஷயம்தான். ஆனா விதிப்படி ஒண்ண நாம கவனிக்கணும். நலன் முரண் இருக்கற வரைக்கும்தான அந்தக் கட்டுரையத் தொடக் கூடாது? இப்ப முரண் நீங்கிடுச்சு."

"அட, ஆமா!" என்றார் செயலாளர். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அந்த ரெண்டு மதிப்பாய்வும் செல்லும். கட்டுரைய அச்சுக்கு அனுப்பிடலாம். நம்ம தரவுத்தளத்தோட முதல் வெற்றி! கட்டம், 'நலன் முரண் நீங்கியது'ன்னு அதுல ஒரு கட்டம் சேத்துடுங்க."

நான் அப்போதே எழுந்து கத்தியிருக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் குறிப்பு எழுதினவளுக்குக் கத்த வரவில்லை, பேனாதான் கையில் கனத்தது.

கட்டம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தட்டினான். திரும்பாமலேயே கேட்டான்.

"தேதி போடணுமா சார்?"

"தேதி இல்லாம எப்படி? எப்ப நீங்குச்சுன்னு தெரிய வேண்டாமா?" என்றார் பேராசிரியர். "ஆதாரமும் இணைக்கணும்."

அவன் பையின் ஊக்கைக் கழற்றினான். மரணச் சான்றிதழின் நகல் உள்ளேயே இருந்தது. போகிற இடமெல்லாம் கேட்கிறார்களே, அதனால் எப்போதும் கையில் வைத்திருந்தான். அதை ஸ்கேன் செய்து ஏற்றினான். அக்கா செத்துப்போன தேதியை ஒவ்வொரு எண்ணாக அடித்தான். பிறகு பொத்தானை அழுத்தினான்.

டிங்.

தலைவர் திடுக்கிட்டு விழித்தார். திரையைப் பார்த்தார். 'ஏற்கப்பட்டது' என்று இருந்தது. பழக்கத்தில் கை தட்டினார். அவர் தட்டியதும் மற்றவர்களும் தட்டினார்கள்.

விருந்தினருக்குப் போட்டுக் காட்டி முடிந்து கைதட்டல் கேட்டதும் கட்டம் செய்கிற வேலை ஒன்று உண்டு. அவன் கை தானாகவே 'மீட்டமை' பொத்தானுக்குப் போனது, பாதியில் அப்படியே நின்றது. அதை அழுத்தினால் கட்டுரை மட்டும்தான் பழையபடி ஆகும்.